தொட்டிச் செடி வளர்ப்பு: வேரிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

தரையில் நட்ட செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் வேர் இன்னும் ஆழமாகப் போய்த் தேடிக்கொள்ளும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் சுற்றியுள்ள மண் இழுத்துக்கொள்ளும். தொட்டியில் அந்த வசதி எதுவும் கிடையாது. இரண்டு கைப்பிடியோ இரண்டு கூடையோ, இருக்கிற மண் அவ்வளவுதான். நாம் ஊற்றினால் தண்ணீர், நாம் போட்டால் சத்து. அதனால் தொட்டிச் செடியில் எந்தக் கோளாறு வந்தாலும், பெரும்பாலும் அது மண்ணுக்கு அடியில் தொடங்கியிருக்கும். இலையில் தெரியும்போது விஷயம் கொஞ்சம் முற்றியிருக்கும்.

எனவே பூச்செடியோ வீட்டுக்குள் வைக்கும் இலைச்செடியோ, வேருக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து யோசித்தால் பாதி வைத்தியம் தேவைப்படாது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். பலரும் செடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் அதற்கு இடம் தேடுகிறார்கள். இடத்தைப் பார்த்த பிறகு செடியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

படி 1: வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

வெளிச்சம் விஷயத்தில் நம் கண்ணை நம்ப முடியாது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். அறையின் நடுவில் பல வேளைகளில் 200, 300 லக்ஸ்தான் தேறும். ஆனால் கண்ணின் பாப்பா விரிந்து சுருங்கி இரண்டையும் சமாளித்துவிடுவதால், நமக்கு அறை 'நல்ல வெளிச்சமாக'த்தான் தெரியும். செடிக்கோ அது பட்டினி.

கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவு என்றாலும் ஒரு மூலையையும் இன்னொரு மூலையையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். அதுவும் இல்லையென்றால் நிழல் சோதனை இருக்கிறது. செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கை என்று மட்டும் தெரியும்படி மங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே சரியாகத் தெரியவில்லை என்றால் அங்கே செடி வைக்காதீர்கள், வைத்தால் வளர்ப்பு விளக்கும் சேர்த்து வையுங்கள்.

ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ, மல்லி, சாமந்தி, ஜின்னியா, அடீனியம் இவையெல்லாம் நேரடி வெயில் கேட்பவை. நாளுக்கு 6 மணி நேரம் கிடைத்தால் நன்றாகப் பூக்கும், 3 மணி நேரம் கிடைத்தால் இலை மட்டும் விடும். பிகோனியா, இம்பேஷன்ஸ், பெரணி போன்றவை காலை வெயிலும் மதிய நிழலும் இருந்தால் போதும் என்பவை. ஆந்தூரியம், பீஸ் லில்லி, மணி பிளான்ட், பிலோடெண்ட்ரான் ஆகியவை ஜன்னலோரத்தில் நேரடி வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும்.

ஸ்நேக் பிளான்ட்டையும் ஸீஸீ பிளான்ட்டையும் 'இருட்டிலும் வளரும்' என்று சொல்லி விற்பார்கள். வளராது. இலையிலும் கிழங்கிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். இலையில் வெள்ளையும் மஞ்சளும் கலந்த வகைகளுக்கு, அதே செடியின் முழுப்பச்சை வகையைவிட அதிக வெளிச்சம் தேவை. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அது செடிக்கு உணவு தயாரிக்கப் பயன்படாது. வெளிச்சம் குறைந்தால் புது இலைகள் மெல்ல மெல்லப் பச்சையாகவே வரத் தொடங்கும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்காகச் செடி வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். 1989இல் நாசா நடத்திய ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. பின்னால் வந்த கணக்கீட்டின்படி, ஜன்னலைத் திறந்தால் நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும். செடி அழகுக்கும் மகிழ்ச்சிக்கும் இருக்கட்டும், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

குழந்தைகளும் பூனை, நாயும் இருக்கிற வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. டைஃபென்பாகியா, மான்ஸ்டெரா, பிலோடெண்ட்ரான், மணி பிளான்ட் ஆகியவற்றின் சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அரளி இதயத்தையே தாக்கும் நஞ்சு. லில்லியம் வகை லில்லிகள் பூனைக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், மகரந்தம் உடம்பில் பட்டு அதை நக்கினால்கூட ஆபத்து.

படி 2: தொட்டி

அடியில் துளை இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது. துளையில்லாத அழகான பீங்கான் தொட்டி பிடித்திருந்தால் அதை வெளிச்சட்டையாக வைத்துக்கொண்டு, உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வையுங்கள். தண்ணீர் விடும்போது உள்தொட்டியை வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வைக்கலாம்.

அடியில் ஜல்லியோ ஓட்டுத்துண்டோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் யோசனை. நடப்பது நேர்மாறு. மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மண் முழுக்க ஊறித் தெப்பமானால்தான் கீழேயுள்ள பெரிய ஜல்லி இடைவெளிக்குள் தண்ணீர் இறங்கும். ஆக ஜல்லி போட்டதால், எப்போதும் ஈரமாகவே நிற்கும் அடிமண் அடுக்கு தொட்டியின் தரையிலிருந்து மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறது. வேருக்கான இடமும் குறைகிறது. மண் வெளியேறாமல் தடுக்க வேண்டுமானால் துளைமேல் ஒரு வலைத்துண்டோ காகிதமோ போதும்.

இந்த ஈர அடுக்கு எல்லாத் தொட்டியிலும் உண்டு. பஞ்சுத்துண்டு ஒன்றை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள், சொட்டுவது நின்றதும் அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். உயரமான தொட்டி அகலமான தட்டைத் தொட்டியைவிட நன்றாக வடிவது இதனால்தான். ஈரம் பிடிக்காத செடிக்கு ஆழம் கூடிய தொட்டியும், மேலோட்டமாக வேர்விடும் பெரணி, ஆண்டு முழுக்க ஈரம் கேட்கும் செடிகளுக்கு அகலத் தொட்டியும் பொருந்தும்.

மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும், அதனால் சீக்கிரம் காயும். கை தாராளமாகத் தண்ணீர் ஊற்றும் பழக்கமுள்ளவர்களுக்கு மண் தொட்டி, மறந்துவிடும் பழக்கமுள்ளவர்களுக்குப் பிளாஸ்டிக். வெயிலில் வைப்பதற்குக் கறுப்புத் தொட்டி வேண்டாம். தொட்டியின் சுவரோடு ஒட்டியிருக்கும் வேர் வெந்தே போகும். வெளிர் நிறமோ, துணியாலான குரோ பேக்கோ நல்லது. துணிப்பையில் வேர் ஓரத்துக்கு வந்ததும் காற்றுப்பட்டு நுனி காய்ந்து, உள்ளே பக்கவேர் விடும். சுற்றிச் சுருண்டுகொள்ளாது.

அளவு: இப்போதுள்ள வேர்ப்பந்தைச் சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாக நின்று புளித்துப்போகும்.

படி 3: மண்கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் தொட்டியில் போட்டால் நாலைந்து முறை தண்ணீர் விட்டதும் இறுகிக் கல்லாகும். தரையில் மண்புழுவும் பிற வேர்களும் மண்ணைப் புரட்டிக்கொண்டே இருக்கின்றன. தொட்டியில் அந்த வேலைக்கு ஆளில்லை. நாமே காற்றிடம் வைத்துக் கலக்க வேண்டும்.

வெளியில் வைக்கும் பூச்செடிகளுக்கு: செம்மண் அல்லது தோட்ட மண் 1 பங்கு, தென்னைநார்த் தூள் 1 பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, பெருமணல் அல்லது பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்லின் லேசான வெள்ளைக் குருணை) அரைப் பங்கு. எடையில் அளக்காமல் ஒரே பாத்திரத்தால் அளந்து போடுங்கள்.

வீட்டுக்குள் வைக்கும் இலைச்செடிகளுக்கு மண்ணே வேண்டாம். தென்னைநார்த் தூள் 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. மான்ஸ்டெரா, ஆந்தூரியம் போல மரத்தில் தொற்றி வளரும் இனங்களுக்கு இதில் ஒரு பங்கு மரப்பட்டைத் துண்டும் ஒரு பிடி கரித்துண்டும் சேர்க்கலாம்.

கள்ளி, அடீனியம், கற்றாழை வகைகளுக்குக் கலவையில் பாதிக்கு மேல் பெருமணல், பொடிக்கல், பெர்லைட் போன்ற கனிமப் பொருள்தான் இருக்க வேண்டும். மணல் என்றால் 2 மில்லிமீட்டர் அளவுக்குப் பருமனான மணல். நைசான மணல் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு கலவையைக் கெடுத்துவிடும்.

கட்டியாக வாங்கும் தென்னைநார்த் தூளில் உப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் மாற்றி இன்னும் இரண்டு முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். இதைச் சோம்பலில் விட்டுவிட்டு, நட்ட செடியின் இலை விளிம்பு கருகுவது ஏன் என்று பிறகு தேடுவது வீண் வேலை.

கலவை சரியா என்று பார்க்க, ஈரமாக்கி ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் அப்படியே நின்றால் பெர்லைட்டோ மணலோ போதவில்லை.

படி 4: நடுதல்

நர்சரியிலிருந்து வந்த செடியை இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அந்த நாட்களில் செடி இரண்டு மூன்று இலைகளை உதிர்க்கலாம், இடம் மாறினால் அப்படித்தான்.

பிறகு தொட்டியைச் சாய்த்து, தண்டின் அடியை விரல்களுக்கு இடையில் பிடித்து, பக்கங்களைத் தட்டிச் செடியை வெளியே எடுங்கள். வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்து விடுங்கள். பிரிக்க முடியாதபடி இறுகியிருந்தால் கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். இல்லாவிட்டால் புதுத் தொட்டியிலும் வேர் பழைய வட்டத்திலேயே சுற்றும். வேர்ப்பந்தின் நடுவில் சின்ன வலைப்பை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். நாற்றாக இருக்கும்போது போட்ட அந்தப் பை பல செடிகளில் அப்படியே தங்கி வேரை நெரிக்கும். கத்தரித்து எடுத்துவிடுங்கள்.

முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். தண்டு புதைந்தால் அழுகும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும். அதற்குக் கீழிருந்து முளைக்கும் கிளைகள், ஒட்டுக்கு அடியாக வைத்த வேர்க்கன்றுடையவை, கண்டதும் அடியோடு கிள்ளிவிட வேண்டும். தொட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். மண்ணை அமுக்க வேண்டாம். தண்ணீர் விட்டாலே தானாக அமரும்.

ஒரு வாரம் நிழல், பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில். நிழலில் வளர்ந்த இலையை நேராக உச்சி வெயிலில் வைத்தால் வெளுத்த திட்டுகள் விழும், அவை ஆறுவதில்லை. கலவையிலேயே உரம் இருப்பதால் முதல் ஒரு மாதம் வேறு உரம் தேவையில்லை.

படி 5: தண்ணீர்

'இந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?' என்று கேட்டால் நேர்மையான பதில் கிடையாது. தொட்டியின் அளவு, கலவை, வெயில், காற்று, செடியின் வளர்ச்சி எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் அது. நாள்காட்டி பார்க்காமல் மண்ணைப் பாருங்கள்.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். பூச்செடிகளுக்கு முதல் கணு அளவு காய்ந்திருந்தால் ஊற்றலாம். வீட்டுக்குள் இருக்கும் இலைச்செடிகளுக்கு இரண்டு கணுவும் காயட்டும். கள்ளி, ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ ஆகியவற்றுக்கு மண் அடிவரை காய்ந்த பிறகுதான். ஆழமான தொட்டியில் ஒரு மரக்குச்சியைச் செருகி எடுத்தால், ஈரம் எதுவரை இருக்கிறது என்று குச்சியின் நிறமே காட்டும். சின்னத் தொட்டிகளைத் தூக்கிப் பார்ப்பதே சுலபம். தண்ணீர் விட்டதும் ஒருமுறை தூக்குங்கள், காய்ந்ததும் ஒருமுறை தூக்குங்கள். கை அந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஊற்றுவதென்றால் அடித்துளை வழியாக வெளியேறும் வரை முழுமையாக ஊற்றுங்கள். தினம் ஒரு குவளை என்று தெளித்துக்கொண்டிருந்தால் மேல்மண் எப்போதும் நசநசவென்றும், அடிவேர் எப்போதும் வறட்சியிலும் இருக்கும். உப்பும் உள்ளேயே தேங்கும். தட்டில் வடிந்ததை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். விட்டால் வேரும் கெடும், கொசுவும் வரும்.

பீட் என்ற மட்கிய பாசித் தூள் ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது, தென்னைநார்த் தூளிலும் ஓரளவு இது நடக்கும். ஊற்றிய தண்ணீர் மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையில் ஓடி உடனே கீழே வந்துவிடும். நாம் 'நன்றாக வடிகிறது' என்று நினைப்போம், உள்ளே வேர்ப்பந்து காய்ந்தே இருக்கும். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதியளவு மூழ்கும்படி அரை மணி நேரம் வைத்து எடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றுவது நம் பழக்கம். முதலில் மண்ணைத் தொடுங்கள். மண் காய்ந்து இலை தொங்கினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் அழுகல். உச்சி வெயிலில் தொங்கி மாலையில் தானே நிமிர்ந்தால் இரண்டும் இல்லை, வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக்கும் வேகம் கூடிவிட்டது, அவ்வளவே.

ஈரத்தில் செடி வாடுவது ஏன்? வேரும் சுவாசிக்கிறது. மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிரம்பி நின்றால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேர்நுனிகள் சாகும். செத்த வேரில் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சைகள் புகும். உறிஞ்ச வேர் இல்லாததால் தண்ணீரின் நடுவிலேயே செடி தாகத்தில் வாடும். நாம் தாகம் என்று இன்னும் ஊற்றுவோம். வீட்டுக்குள் சாகும் செடிகளில் பெரும்பங்கு இந்த வழியில்தான் போகிறது.

சந்தேகம் வந்தால் செடியை வெளியே எடுத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும், மண் வாசனை வரும். அழுகிய வேர் கரும்பழுப்பாக, தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறையைப் போலக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே மெல்லிய நார் மட்டும் மிஞ்சும். சாக்கடை நாற்றமும் வரும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அப்படி இருந்தால் செய்ய வேண்டியது:

1. பழைய கலவை முழுவதையும் உதறி, வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள்.
2. கெட்ட வேரையெல்லாம் சுத்தமான கத்தரியால் நல்ல பகுதி வரும்வரை வெட்டுங்கள்.
3. வேர் பாதி போயிருந்தால் இலையும் அதற்கேற்பக் குறையட்டும். மீதி வேரால் அத்தனை இலையையும் தாங்க முடியாது.
4. புதிய, காற்றோட்டமான கலவையில், மிஞ்சிய வேருக்கேற்ற சின்னத் தொட்டியில் நடுங்கள். பழைய தொட்டியையே பயன்படுத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.
5. நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, புது இலை வரும்வரை உரம் பக்கமே போகாதீர்கள்.

வேர் முழுக்கப் போயிருந்தால் செடியை விட்டுவிட்டு, நல்ல தண்டு மிச்சமிருந்தால் அதை வெட்டி நட்டு வேர்விட வைப்பதே (படி 10) புத்திசாலித்தனம்.

தண்ணீரின் தரம் பற்றிச் சுருக்கமாக. குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு போய்விடும். குளோரமைன் கலந்த தண்ணீரில் அது நடக்காது. ஃப்ளூரைடும் போகாது. ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா இரண்டும் ஃப்ளூரைடு தாங்காதவை, இலைநுனி பழுப்பாகக் கருகும். இவற்றுக்கு மழைநீர் உத்தமம். மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பொருக்குப் படிந்தால் அது உப்பு. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

இலைமேல் தண்ணீர் பீச்சினால் ஈரப்பதம் கூடும் என்பார்கள். சில நிமிடங்களில் காய்ந்துவிடும், பலன் சொற்பம். செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைத்தால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும்.

படி 6: உரம்

தண்ணீர் வெளியேறும்போதெல்லாம் சத்தும் வெளியேறுகிறது. ஆகவே தொட்டிச் செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை மேல்மண்ணைக் கிளறி ஒரு பிடி மண்புழு உரம். வேகமாகப் பூக்கும் செடிகளுக்கு இதோடு, நீரில் கரையும் 19:19:19 போன்ற என்.பி.கே (தழை, மணி, சாம்பல் சத்து) உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வீட்டுக்குள் இருப்பவைக்கு அதில் பாதி போதும், குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றிருந்தால் அதுவும் வேண்டாம். காய்ந்த மண்ணில் உரக்கரைசலை ஊற்றினால் வேர் கருகும், முதலில் வெறும் தண்ணீர் விடுங்கள்.

பச்சையான சமையலறைக் கழிவுகளை நேரடியாகத் தொட்டியில் புதைக்காதீர்கள். மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையே (நைட்ரஜனை) அவை எடுத்துக்கொள்ளலாம், பூச்சியும் வரும். தனியாக மட்கவைத்துப் போடுங்கள்.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். தழைச்சத்தையும் மெக்னீசியத்தையும் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புது இலைக்குக் கொடுக்கும். ஆகவே அடியிலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, அடியிலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியக் குறை. பின்னதற்கு எப்சம் உப்பு பயன்படும். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது. எனவே நுனியிலுள்ள இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்து வந்தால் இரும்புக் குறை. செம்பருத்தியிலும் ரோஜாவிலும் அடிக்கடி பார்க்கலாம். மண்ணில் இரும்பு இல்லை என்பதைவிட, காரத்தன்மை கூடியதால் வேரால் எடுக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். உப்புத் தண்ணீர் பாயும் இடங்களில் கீலேட் வடிவ இரும்பு (கார மண்ணிலும் வேர் எடுக்கும்படி செய்தது) பலன் தரும்.

படி 7: பூக்க வைப்பது

இலை செழித்து நிற்கிறது, பூ மட்டும் இல்லை. இந்தப் புகாருக்கு மூன்று காரணம்தான் திரும்பத் திரும்ப வரும்: வெயில் போதாமை, தழைச்சத்து மிகுதி, கவாத்து செய்யாமை (கிளைகளை வெட்டிவிடாமை).

ரோஜா, மல்லி, செம்பருத்தி, காகிதப்பூ எல்லாம் புதுக்கிளையில் பூப்பவை. வெட்ட மனம் வராதவர்களுக்குப் பூவும் வராது. ரோஜாவில் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். உள்நோக்கிய மொட்டுக்கு மேல் வெட்டினால் கிளைகள் நடுவில் அடைந்து காற்றோட்டம் கெடும். சாமந்தி, பெட்டூனியா நாற்று ஆறேழு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. அது போனதும் பக்கக் கிளைகள் கிளம்பும், கிளைக்குக் கிளை பூ. வாடிய பூக்களை விதை பிடிக்குமுன் எடுத்துக்கொண்டே இருங்கள்.

காகிதப்பூவுக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுத்தால்தான் நிறம் காட்டும். கவாத்துக்குப் பின் வளர்ந்த கிளைகள் முற்றியதும், இலை லேசாகத் துவளும் வரை தண்ணீரை நிறுத்தி, பிறகு விடுங்கள். நாம் பூ என்று சொல்லும் வண்ணப்பகுதி அதன் பூவடிச் செதில். உண்மையான பூ நடுவில் சின்னக் குழல்போல இருக்கும்.

சாமந்தி (செவ்வந்தி), பாயின்செட்டியா, கலாஞ்சோ ஆகியவற்றுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இவை நீண்ட இரவைக் கண்டால்தான் மொட்டு வைக்கும். பகல், இரவு நீளம் பூப்பதை முடிவு செய்கிறது என்பதை 1920இல் கார்னர், ஆலர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இரவில் தெருவிளக்கோ அறைவிளக்கோ இந்தச் செடிகள்மேல் பட்டால், எவ்வளவு உரம் போட்டாலும் பூக்காது. பாயின்செட்டியாவுக்கு சுமார் 14 மணி நேர முழு இருட்டு, 8 வாரம் தொடர்ந்து வேண்டும். மாலையில் அட்டைப்பெட்டியால் மூடிக் காலையில் எடுப்பது வேலைதான், ஆனால் வேறு குறுக்குவழி இல்லை.

படி 8: பூச்சிகள்

வாரம் ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பார்ப்பதுதான் மருந்துகளில் சிறந்தது. கணுக்களில் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி, இளந்தளிரில் கூட்டமாக இருந்தால் அசுவினி, இலையை அசைத்ததும் வெள்ளைப் பொடியாகப் பறந்தால் வெள்ளை ஈ. இலையில் ஊசிக்குத்துப் புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் செஞ்சிலந்தி. இது வறண்ட சூட்டில் பெருகும், எனவே முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரைப் பீச்சிக் கழுவுங்கள். எறும்பு வரிசையாக ஏறினால் எறும்பைத் திட்டாதீர்கள், அது தேன்சுரப்புக்காக அசுவினியையோ மாவுப்பூச்சியையோ தேடிப் போகிறது. அது போகும் இடத்தைப் பின்தொடர்ந்தால் பூச்சி கிடைக்கும்.

பொதுவான தெளிப்பு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு மென்மையான திரவ சோப்பு, பிறகு 5 மில்லி வேப்பெண்ணெய், நன்றாகக் குலுக்கி உடனே பயன்படுத்த வேண்டும். மாலையில் மட்டும் தெளியுங்கள், வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால் ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை.

வீட்டுக்குள் தொட்டியைச் சுற்றிப் பறக்கும் சின்னக் கறுப்புக் கொசு போன்றவை பூஞ்சை ஈக்கள். ஈரமான மேல்மண்ணில் முட்டையிடும். மேல்மண்ணை நன்கு காயவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் அடங்கும். இவை வந்தாலே நீங்கள் தண்ணீர் அதிகம் விடுகிறீர்கள் என்று பொருள்.

படி 9: தொட்டி மாற்றம்

அடித்துளையில் வேர் எட்டிப் பார்ப்பது, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடுவது, முன்பு மூன்று நாள் தாங்கிய ஈரம் ஒரே நாளில் காய்வது. இவற்றில் இரண்டு தெரிந்தால் மாற்றுங்கள். வளர்ச்சிக் காலத் தொடக்கத்தில் செய்வது நல்லது, பூத்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். பெரிய தொட்டிக்கு இடமில்லை என்றால் வேர்ப்பந்தின் ஓரங்களிலும் அடியிலும் கால் பங்கு வரை சீவிவிட்டு, அதே தொட்டியில் புதுக் கலவையோடு வைக்கலாம். அன்றே கிளைகளையும் அதே அளவுக்குக் கழித்துவிடுங்கள்.

படி 10: பெருக்குதல்

கவாத்தில் வெட்டியதைக் குப்பையில் போடாதீர்கள். ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூவில் பென்சில் பருமனுள்ள, 15 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளை எடுங்கள். கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், வேர் அங்கிருந்துதான் எளிதாகக் கிளம்பும். அடியிலைகளை நீக்கி, வேரூக்கித் தூளில் தொட்டு, தென்னைநார்த் தூளும் பெர்லைட்டும் சம அளவு கலந்த ஈரக் கலவையில் செருகி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். மேலே தளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டே தளிர் வரும். லேசாக இழுத்தால் பிடிப்புத் தெரியும்வரை பொறுங்கள்.

மல்லிக்குக் கிளையை வளைத்து மண்ணில் புதைக்கும் பதியன் முறை எளிது. தாய்ச்செடியிலிருந்து பிரியாமலே வேர் விட்டுவிடும். மணி பிளான்ட்டில் கணுவில்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டால் வேர்கூட விடலாம், செடி ஆகாது. ஸ்நேக் பிளான்ட்டின் இலையை 8 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் இரண்டு நாள் காய்ந்த பின், எந்த முனை கீழே இருந்ததோ அதையே கீழாக வைத்து நட்டால் சில மாதங்களில் குட்டி விடும். ஆனால் மஞ்சள் விளிம்புள்ள வகையில் இப்படிச் செய்தால் வரும் குட்டிகள் முழுப்பச்சையாகத்தான் இருக்கும், ஏனெனில் அந்த மஞ்சள் விளிம்பு வேறு மரபணு கொண்ட தனித் திசு அடுக்கு. விளிம்பு வேண்டுமானால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணுக்கடியில் ஓடும் தடித்த கிழங்கைக் கத்தியால் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு குருத்தும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி பிரித்து நடுங்கள். வெட்டிய இடம் காய ஒரு நாள் விட்டு நட்டு, அடுத்த ஒரு வாரம் தண்ணீர் விடாமல் இருங்கள்.